வேலிப் பழமும் புட்டிச் சாறும்

தாமிரபரணியின் கடைசி அணைக்கட்டு ஸ்ரீவைகுண்டத்தில் இருக்கிறது. அங்கிருந்து பிரியும் வடகாலும் தென்காலும் பாய்கிற பக்கமெல்லாம் வாழை. ஆற்றுத் தண்ணீர் எட்டாத தெற்குப் பக்கம் போனால் குதிரைமொழித் தேரியின் செம்மணல். அங்கே பனை, உடை, முந்திரி, வேலியோரம் சப்பாத்திக்கள்ளி. நன்செய்ப் பழமும் காட்டுப் பழமும் இப்படிக் கூப்பிடு தூரத்தில் கிடைக்கிற வட்டாரம் தமிழ்நாட்டில் அதிகமில்லை. இருந்தும் இந்த ஊர்க்காரர்கள் உடம்புக்கு நல்லது என்று நம்பிக் காசைக் கொட்டுவது நோனிச் சாற்றுப் புட்டிக்கு, மங்குஸ்தான் மாத்திரைக்கு, முள் சீத்தா இலைப்பொடிக்கு, பிளாஸ்டிக் தட்டில் பொதிந்த டிராகன் பழத்துக்கு. இவை எல்லாவற்றின் மேலும் ஒரே சொல் அச்சாகியிருக்கிறது: ஆன்டிஆக்ஸிடன்ட். கூடவே ‘பாரம்பரிய மருத்துவத்தில் பயன்படுவது’ என்றும் ஒரு வரி இருக்கும்.

இந்த இரண்டு உரிமைகோரலிலும் எவ்வளவு உண்மை? அரிய பழம் என்றால் மருந்துக் குணமும் கூடுமா? நம் வேலியிலும் வயலிலும் பழுப்பவை எங்கே நிற்கின்றன? கேள்வியை முழுதாக எடுத்துப் பார்க்க வேண்டிய நேரம் இது. தமிழ்நாட்டில் 20 வயதைக் கடந்தவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு என்று 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு சொன்னது. நோய் பெருகிய வீட்டில்தான் புட்டி வியாபாரம் எளிதில் நுழைகிறது.

முதலில் அந்தச் சொல்லின் கதை. உடம்பு ஆக்ஸிஜனை எரித்து ஆற்றல் எடுக்கும்போது ‘ஃப்ரீ ராடிக்கல்’ எனப்படும் நிலையற்ற மூலக்கூறுகள் உண்டாகின்றன. இவை செல்லின் சவ்வையும் புரதத்தையும் டி.என்.ஏ.வையும் தாக்கும், மூப்புக்கும் இதுவே காரணமாக இருக்கலாம் என்று 1956-ல் டென்ஹாம் ஹார்மன் என்ற அமெரிக்க விஞ்ஞானி ஒரு கோட்பாட்டை வைத்தார். பழத்திலும் காயிலும் உள்ள வைட்டமின் சி, கரோட்டின், பாலிஃபீனால் போன்றவை சோதனைக் குழாயில் இந்த மூலக்கூறுகளை அடக்கிவிடுகின்றன. அப்படியானால் அவற்றைப் பிரித்தெடுத்து மாத்திரையாகக் கொடுத்தால் புற்றுநோயும் இதயநோயும் குறையும் அல்லவா? நியாயமான எதிர்பார்ப்புதான். ஆயிரக்கணக்கானவர்களிடம் சோதித்தும் பார்த்தார்கள்.

பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களை வைத்து நடந்த சோதனையின் முடிவு 1994-ல் வந்தது. பீட்டா கரோட்டின் மாத்திரை தின்றவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, 18 சதவீதம் கூடியிருந்தது. அமெரிக்காவில் 18,314 பேரிடம் நடந்த இன்னொரு சோதனையில் 28 சதவீதம் கூடியதால் 1996-ல் அதை நடுவிலேயே நிறுத்தினார்கள். வைட்டமின் ஈ மாத்திரையை 35,000-க்கும் மேற்பட்ட ஆண்களுக்குக் கொடுத்த பெரிய ஆய்வில், அது புராஸ்டேட் புற்றுநோயைக் கூட்டுவதாக 2011-ல் தெரிந்தது. இத்தகைய 78 சோதனைகளை, ஏறத்தாழ மூன்று லட்சம் பேரின் விவரங்களை, ஒருசேரத் தொகுத்து 2012-ல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு, ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரைகள் ஆயுளைக் கூட்டுவதற்குச் சான்றில்லை என்று முடித்தது. பீட்டா கரோட்டினும் வைட்டமின் ஈ-யும் இறப்பைச் சற்றுக் கூட்டுவதாகவே தெரிகிறது என்றும் அது சொன்னது.

ஏன் இப்படி? ஃப்ரீ ராடிக்கல் முழுக்க முழுக்கப் பகை என்று நினைத்தது பிழை. கிருமியைக் கொல்ல வெள்ளணு அதைத்தான் ஆயுதமாகப் பயன்படுத்துகிறது. உடற்பயிற்சி செய்யும்போது தசையில் உண்டாகும் அதே மூலக்கூறுதான் இன்சுலினுக்குத் தசை இணங்கும்படி சைகை தருகிறது. பயிற்சி செய்தவர்களுக்கு வைட்டமின் சி, ஈ மாத்திரைகளைக் கொடுத்தபோது அந்த நன்மை அடைபட்டுப் போனதை ஜெர்மனியில் 2009-ல் கண்டார்கள்.

இன்னொரு சோதனை எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. ஆப்பிள் தின்றதும் ரத்தத்தின் ஆன்டிஆக்ஸிடன்ட் திறன் ஏறுகிறது. உடனே ஆப்பிளில் உள்ள பாலிஃபீனாலின் வேலை இது என்று சொல்லிவிடலாம். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2004-ல் ஆறு பேருக்கு ஐந்தைந்து ஆப்பிள் கொடுத்து ஆராய்ந்தார்கள். ஏற்றத்துக்குப் பெரும் காரணம் பழச்சர்க்கரையான ஃபிரக்டோஸ். அது உடைபடும்போது ரத்தத்தில் யூரிக் அமிலம் கூடுகிறது. அந்த யூரிக் அமிலம்தான் சோதனையில் ஆன்டிஆக்ஸிடன்ட்டாகத் தெரிகிறது. வெறும் ஃபிரக்டோஸைக் கொடுத்தாலும் ஏறத்தாழ அதே விளைவு. புட்டியின் மேல் பெரிதாக அச்சிடும் எண்ணுக்கும் உடம்புக்குள் நடப்பதற்கும் எவ்வளவு இடைவெளி என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ‘ஓராக்’ என்ற அலகில் பழங்களுக்கு மதிப்பெண் போட்டு வெளியிட்டிருந்த அமெரிக்க வேளாண் துறையே 2012-ல் அந்தப் பட்டியலைத் திரும்பப் பெற்றது. விளம்பரக்காரர்கள் அதைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்பதும் காரணங்களில் ஒன்று. மங்குஸ்தான், நோனி, அசாய் என்று கடல் கடந்து வந்த சாறுகளின் விளம்பரம் பெரும்பாலும் அந்த அலகின் மேல்தான் நின்றது.

மாத்திரை தோற்றதால் பழமும் தோற்றுவிட்டதாகக் கொள்ள வேண்டாம். சீனாவில் ஐந்து லட்சம் பேரை ஏழாண்டுகள் தொடர்ந்து கவனித்து 2016-ல் வெளியிட்ட ஆய்வில், தினமும் பழம் தின்றவர்கள் இதய, ரத்தக்குழாய் நோய்களால் இறப்பது, பழமே தொடாதவர்களைக் காட்டிலும் 40 சதவீதம் குறைவாக இருந்தது. அன்றாடம் பழம் வாங்க முடிகிறவர்களுக்கு மற்ற வசதிகளும் இருக்கும். ஆகவே அந்த 40-ஐ அப்படியே பழத்தின் கணக்கில் எழுத முடியாது. பாதியை எழுதினாலும் பெரிய தொகைதான். அங்கே அவர்கள் தின்றது எந்த மாயப் பழமும் அல்ல. அந்தந்த ஊரில் விளைந்த ஆப்பிள், ஆரஞ்சு, பேரி. 2013-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ஆய்வு இன்னும் ஒன்றைக் காட்டியது. திராட்சை, ஆப்பிள், புளூபெர்ரி போன்றவற்றை முழுப் பழமாகத் தின்றவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு குறைந்தது. பழச்சாறு குடித்தவர்களுக்குக் கூடியது. நார் போய்விட்டால் மிஞ்சுவது சர்க்கரைத் தண்ணீர். புட்டிச் சாற்றை நீரிழிவுக்கு மருந்து என்று விற்பவர்கள் இந்த ஒரு முடிவுக்காவது பதில் சொல்ல வேண்டும்.

இனி ‘அயல்பழம்’ என்ற கவர்ச்சிக்கு வருவோம். இந்த வட்டாரக் கடற்கரைக்கு அது புதிதே அல்ல. 1530-களில் போர்ச்சுக்கீசியர் முத்துக்குளித்துறையில் கால் ஊன்றினார்கள். கொய்யா, பப்பாளி, சீத்தா, அன்னாசி, முந்திரி எல்லாம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து அவர்கள் காலத்தில் இந்தியாவுக்குள் வந்தவை. இன்று கொய்யாவை யாரும் அயல்பழம் என்று சொல்வதில்லை. கூடையில் வைத்துப் பேருந்துச் சன்னலோரம் விற்கிறார்கள். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017-ஆம் ஆண்டு அட்டவணைப்படி 100 கிராம் கொய்யாவில் வைட்டமின் சி 200 மில்லிகிராமைத் தாண்டுகிறது. பல மடங்கு விலை கொடுத்து வாங்கும் டிராகன் பழம் இந்தக் கணக்கில் கொய்யாவுக்குப் பக்கத்தில்கூட நிற்காது.

டிராகன் பழத்துக்கு நெருங்கிய சொந்தக்காரர் ஒருவர் தேரிக்காட்டு வேலியில் நிற்கிறார். சப்பாத்திக்கள்ளியும் டிராகன் கொடியும் ஒரே கள்ளிக் குடும்பம்; இரண்டுக்கும் தாயகம் அமெரிக்கக் கண்டம். சிவந்த சதையுள்ள டிராகன் பழத்துக்கும் கள்ளிப்பழத்துக்கும் நிறம் தருவது ஒரே வகைச் சாயம்: பீட்டாலைன். பீட்ரூட்டின் சிவப்பும் அதுதான். இவற்றை நிறையத் தின்ற மறுநாள் சிறுநீர் சிவந்து போவதும் அதனால்தான். ரத்தம் போகிறது என்று பயந்து ஓட வேண்டாம்.

சப்பாத்திக்கள்ளி இங்கே வந்த கதை விசித்திரமானது. செஞ்சாயம் தரும் கொச்சினீல் பூச்சி கள்ளியில்தான் வாழும். அந்தச் சாய வாணிபத்தை ஸ்பெயினிடமிருந்து பறிக்க நினைத்த கிழக்கிந்தியக் கம்பெனிக்காக, டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன் 1780-களின் இறுதியில் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே வைத்தார். 1795-ல் பிரேசிலிலிருந்து கல்கத்தாவுக்குப் பூச்சி வந்து சேர்ந்தது. நல்ல சாயம் தரும் இனம் என்று நம்பிக் கொண்டுவந்தது மட்டமான வேறோர் இனம். சாயத் தொழில் படுத்துவிட்டது. பூச்சியோ வடக்கே ஒரு வகைக் கள்ளியை அழித்துத் தீர்த்தது. வேறொரு வகையான கள்ளி தென்மாவட்டங்களில் கட்டுக்கடங்காமல் பெருகி விளைநிலத்தை விழுங்கியபோது, 1926-ல் இலங்கையிலிருந்து இன்னொரு பூச்சியைக் கொண்டுவந்து விட்டார்கள். பெரும்பகுதி ஒழிந்தது. அந்த அழிவுக்குத் தப்பி மிஞ்சிய வேலிகளில்தான் இன்று பழம் பறிக்கிறோம்.

பறிப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. வெளியே தெரியும் பெரிய முள் பிரச்சினையே இல்லை. பழத்தின் மேல் கொத்துக் கொத்தாக இருக்கும் மயிரிழைச் சுணைதான் விரலிலும் நாக்கிலும் ஏறிப் பாடாய்ப் படுத்தும். கவைக்குச்சியாலோ குறடாலோ பழத்தைத் திருகி எடுத்து, மணலில் போட்டுத் தழையால் நன்றாகத் தேய்ப்பார்கள்; சிலர் நெருப்பில் ஒரு முறை வாட்டுவார்கள். உச்சிக்குழியில் ஒளிந்திருக்கும் முள்ளை நோண்டி எறிந்துவிட்டுத்தான் பிளக்க வேண்டும். அதை விட்டுவிட்டால் தொண்டையில் தைக்கும். உள்ளே கரும்சிவப்புக் கூழ், ஈயக்குண்டு போலக் கடினமான விதைகள். உதடும் நாக்கும் விரலும் சிவந்து போகும். விதையை அளவில்லாமல் விழுங்கிய பிள்ளைகளுக்கு மலக்குடலில் விதை இறுகி அடைத்துக்கொண்டதாக மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு. ஆகவே விதையைத் துப்பிவிட வேண்டும், அல்லது சாற்றைப் பிழிந்து வடிகட்ட வேண்டும்.

இந்தப் பழத்தின் குணம் பற்றி மனிதர்களிடமே சோதித்த ஒரு நல்ல ஆய்வு இருக்கிறது. இத்தாலியின் பலேர்மோ பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான 18 பேருக்கு இரண்டு வாரம், தினமும் இரு வேளை, வேளைக்கு 250 கிராம் கள்ளிப்பழம் கொடுத்தார்கள். வேறு இரண்டு வாரம் பழத்துக்குப் பதில், அதில் உள்ள அளவுக்கு ஈடான வைட்டமின் சி. 2004-ல் வெளியான முடிவு: பழம் தின்றபோது உடம்பில் கொழுப்பு ஆக்ஸிஜனேற்றம் அடைவதைக் காட்டும் குறியீடு ஏறத்தாழ 30 சதவீதம் இறங்கியது, வைட்டமின் சி அதை இறக்கவில்லை. பழம் செய்வது தனி ஒரு சத்தின் வேலை மட்டும் அல்ல என்பதற்கு இது அழகான சான்று. ஆனால் இது எவ்வளவு தூரம் போகும் என்பதிலும் நிதானம் வேண்டும். 18 பேர், இரண்டு வாரம், நோயில்லாதவர்கள். சிசிலியின் தோட்டக் கள்ளி வேறு இனம், நம் வேலிக்கள்ளி வேறு இனம். கள்ளிப்பழம் தின்றால் கர்ப்பப்பைக் கட்டி கரையும், ஒரே மாதத்தில் ரத்தம் ஊறும் என்று கைப்பேசியில் சுற்றும் செய்திகளுக்கு இந்த ஆய்வில் எந்த ஆதாரமும் இல்லை.

ரத்தம் ஊறுவது என்ற பேச்சு வந்ததால் சித்த மருத்துவத்தின் பக்கம் திரும்ப வேண்டும். ஏனென்றால் பாரம்பரியம் என்ன சொன்னது என்பதற்கும், பாரம்பரியத்தின் பெயரில் விற்கப்படுவதற்கும் உள்ள தூரம் இங்கேதான் நன்றாகத் தெரிகிறது. வளரிளம் பெண்களின் ரத்தசோகைக்கு நான்கு சித்த மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்து, தேசிய சித்த மருத்துவ நிறுவனம் உள்ளிட்டவற்றின் ஆய்வாளர்கள் தமிழ்நாட்டில் ஒரு திட்டம் நடத்தினார்கள். முடிவு 2024-ல் வெளியானது. அன்னபேதிச் செந்தூரம், பாவனக் கடுக்காய், மாதுளை மணப்பாகு, நெல்லிக்காய் லேகியம் ஆகியவை 45 நாள். 2,648 பெண்களில் 2,300 பேர் முழுமையாக முடித்தார்கள், ஹீமோகுளோபின் கூடியது. முதலில் குடற்புழுவுக்கு மருந்து கொடுத்துவிட்டே தொடங்கினார்கள்.

இந்தச் சேர்மானத்தைக் கூர்ந்து பாருங்கள். நான்கில் மூன்று பழமும் காயும். ஆனால் இரும்பைத் தருவது அவை அல்ல, அன்னபேதி. அது இரும்பின் உப்பு. புளிப்பும் வைட்டமின் சி-யும் உள்ள பொருளோடு போகும் இரும்பு குடலில் எளிதாக உறிஞ்சப்படும் என்பது இன்றைய ஊட்டச்சத்துப் பாடம். சித்த வைத்தியர் புழுவை நீக்கி, இரும்பைக் கொடுத்து, நெல்லியையும் மாதுளையையும் துணைக்கு அனுப்புகிறார். மாதுளம்பழச் சிவப்பைப் பார்த்து அதுவே ரத்தமாகும் என்று அவர் நம்பிவிடவில்லை. நம் வீடுகளில் நடப்பது என்ன? ரத்தசோகை உள்ள பெண்ணுக்கு மாதுளையும் பேரீச்சையும் வாங்கிக் கொடுத்து மனசாந்தி அடைகிறோம்; அரசு தரும் இரும்பு மாத்திரை அலமாரியில் கிடக்கிறது. சாப்பிட்ட கையோடு தேநீர் வேறு; அதில் உள்ள டானின், கிடைக்கிற கொஞ்ச இரும்பையும் பிடித்துவைத்துக்கொள்ளும். இரும்பு மாத்திரையோடோ கீரைச் சாப்பாட்டோடோ ஒரு நெல்லிக்காய் தின்பதுதான் மரபுக்கும் அறிவியலுக்கும் ஒத்த வழி.

அதியமான் ஔவைக்குக் கொடுத்த கனி என்பதால் நெல்லிக்கு நம்மிடம் ஒரு தனி மரியாதை. அதைப் பற்றிய எண்களிலும் சிறு திருத்தம் தேவை. 100 கிராமில் 600 மில்லிகிராம் வைட்டமின் சி என்று பழைய பாடநூல்களில் படித்தோம். 2017 அட்டவணை 252 என்கிறது. குறைந்தாலும் முன்வரிசைதான். நெல்லியால் கொழுப்பு குறைகிறதா என்று பார்த்த சோதனைகள் உண்டு. 60 பேரை வைத்து 42 நாள் நடத்தி 2012-ல் வெளியான இந்திய ஆய்வில் நெல்லி மாத்திரை எடுத்தவர்களுக்குக் கொலஸ்ட்ரால் இறங்கியது. கூடவே ஒப்பிட்ட சிம்வாஸ்டாட்டின் என்ற கொழுப்புக் குறைப்பு மாத்திரைக்கு அதைவிட அதிகம் இறங்கியது. நெல்லியைத் தின்னலாம், நிச்சயமாக. இதயத்துக்கு மருத்துவர் எழுதிய மாத்திரையை அதற்காக நிறுத்தக் கூடாது.

நாவல் பற்றியும் அதே தீர்ப்புதான். நாவல் கொட்டைச் சூரணம் நீரிழிவுக்குப் புகழ்பெற்றது. எலிகளிடம் நடந்த சோதனைகள் ஏராளம். மனிதரிடம் கட்டுப்பாட்டோடு நடந்தவை சொற்பம். நாவல் இலைக் கஷாயத்தை நீரிழிவு மாத்திரையோடு ஒப்பிட்டுப் பிரேசிலில் நடந்த ஒரு சோதனையில் கஷாயத்துக்குப் பயன் தெரியவில்லை. அது இலை, நாம் பயன்படுத்துவது கொட்டை. ஆகவே வழக்கு இன்னும் முடியவில்லை. பழத்தை மட்டும் எடுத்துக்கொண்டால், கருநீலத் தோலோடு தின்கிற ஒரு கை நாவல்பழம், ஒரு டம்ளர் பழச்சாற்றைக் காட்டிலும் நீரிழிவுக்காரருக்கு எத்தனையோ மேல்.

நோனி விஷயம் இந்த ஊருக்கு ரொம்ப நெருக்கமானது. நோனி என்ற பெயரில் 1996 முதல் பெரும் வியாபாரமாக விற்கப்பட்டது, பசிபிக் தீவுகளில் மருந்தாகப் பயன்பட்ட மொரின்டா சிட்ரிஃபோலியா. நம் பக்கத்து மஞ்சணத்தி அதே மொரின்டா பேரினத்தைச் சேர்ந்தது. வேரில் மஞ்சள் சாயம் எடுப்பார்கள், இலைச்சாற்றைக் குழந்தைகளின் மாந்தத்துக்குக் கொடுப்பார்கள். நம் பாட்டிமார் மருந்தாக எடுத்தது இலையை, அதுவும் சங்களவு. தினமும் குடிக்கும் பானமாக்கியது வியாபாரம். நோனிச் சாற்றில் பொட்டாசியம் ஆரஞ்சுச் சாறளவுக்கு இருக்கிறது. அமெரிக்காவில் சிறுநீரகம் பழுதடைந்த ஒருவர், பொட்டாசியத்தை ஒதுக்கும்படி சொல்லப்பட்டிருந்தும் நோனி குடித்து, ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி மருத்துவமனைக்கு வந்த நேர்வு 2000-ல் பதிவானது. 2005 வாக்கில் ஆஸ்திரியாவில் ஓரிருவருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்தபோது நோனி மேல் ஐயம் எழுந்தது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு ஆராய்ந்து, சாறுதான் காரணம் என்று நிறுவ முடியவில்லை என்றது. ஆகவே நஞ்சு என்று சொல்ல மாட்டேன். புட்டி விலைக்கு ஈடான நன்மைக்கும் ஆதாரமில்லை.

மங்குஸ்தான் குற்றாலம் சீசனில் நமக்குக் கிடைக்கிற நல்ல பழம், தின்ன ருசியானது. விளம்பரத்தில் பேசப்படும் சாந்தோன் என்ற பொருள் பெரும்பகுதி நாம் தூக்கியெறியும் கருஞ்சிவப்புத் தோட்டில் இருக்கிறது. தாய்லாந்திலும் மலேயாவிலும் நாட்டு வைத்தியர்கள் வயிற்றுப்போக்குக்கும் புண்ணுக்கும் பயன்படுத்தியதும் உலர்ந்த தோட்டைத்தான். வெள்ளைச் சுளையைத் தின்றுவிட்டுத் தோட்டின் குணத்தை எதிர்பார்ப்பதில் பொருளில்லை.

முள் சீத்தா பற்றிப் பேசும்போது மட்டும் என் குரல் உயர்ந்துவிடுகிறது. புற்றுநோயைக் கீமோதெரபியைவிடப் பல்லாயிரம் மடங்கு வேகமாகக் கொல்லும் என்று ஒரு செய்தி ஆண்டுக்கணக்காகச் சுற்றுகிறது. சோதனைக் குழாயில் புற்றுச் செல்லைக் கொன்றது உண்மை. சோதனைக் குழாயில் செல்லைக் கொல்லும் பொருள்கள் ஆயிரம் இருக்கின்றன. புற்றுநோயாளிகள் முள் சீத்தாவால் குணமானதைக் காட்டும் முறையான மருத்துவச் சோதனை எதுவும் இல்லை. மாறாக, கரீபியன் தீவான குவாடலூப்பில் பார்க்கின்சன் நோயை ஒத்த ஒரு நரம்புக் கோளாறு வழக்கத்துக்கு மாறாக அதிகம் இருப்பதையும், அந்த நோயாளிகள் முள் சீத்தாப் பழத்தையும் இலைத் தேநீரையும் நெடுநாள் உட்கொண்டவர்கள் என்பதையும் 1999-ல் லான்செட் இதழில் எழுதினார்கள். அதில் உள்ள அனோனாசின் என்ற பொருள் நரம்புச் செல்லைத் தாக்கவல்லது. எப்போதோ ஒரு பழம் தின்பதற்குப் பயப்பட வேண்டாம். இலைப்பொடியைக் கொதிக்கவைத்துத் தினமும் குடிப்பதும், அதை நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போடுவதும் உயிரோடு விளையாடுவது. மார்பகத்தில் கட்டி சிறிதாக இருக்கும்போது வந்திருந்தால் பிழைத்திருக்க வேண்டியவர்கள், ஆறு மாதம் இலைத் தேநீர் குடித்துவிட்டு முற்றிய நிலையில் வருவது எந்தக் குடும்பத்துக்கும் நேரக் கூடாது.

அதே எச்சரிக்கை நட்சத்திரப் பழத்துக்கும் உண்டு. சிறுநீரகம் செயலிழந்தவர்கள் அதைத் தின்று விக்கல், மனக்குழப்பம், வலிப்பு வந்து இறந்ததும் உண்டு. காரணமான நஞ்சை 2013-ல் பிரேசில் ஆய்வாளர்கள் பிரித்தெடுத்து காரம்பாக்சின் என்று பெயரிட்டார்கள். நல்ல சிறுநீரகம் அதை வெளியேற்றிவிடும், பழுதானது வெளியேற்றாது.

கடைசியாக, யாரும் ஆன்டிஆக்ஸிடன்ட் என்று அச்சிடாத இரண்டு பழங்கள். ஒன்று வாழை. இந்த வட்டாரத்துக் கடைகளில் ஏத்தனும் கோழிக்கூடும் நாடனும் கதலியும் தாராகத் தொங்குகின்றன. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டித் தாமிரபரணி கரைபுரண்டபோது, ஆற்றோர வாழைத் தோட்டங்கள் தண்ணீருக்குள் மூழ்கின. அதிலிருந்து எழுந்து மீண்டும் கன்று வைத்த விவசாயியின் பழத்தை ஒதுக்கிவிட்டு, கப்பலில் வந்த கிவியை ஆரோக்கியம் என்று வாங்குவதற்கு அறிவியலில் ஒரு காரணமும் இல்லை.

இன்னொன்று பனம்பழம். ஆவணி, புரட்டாசியில் விளையில் பழம் பொத்தென்று விழும். நெருப்பில் சுட்டு, கருகிய தோலை உரித்து, செம்மஞ்சள் நாரைப் பல்லால் இழுத்துச் சப்பித் தின்ற தலைமுறை இன்னும் இருக்கிறது. அந்த நிறம் கரோட்டினின் நிறம். அதன் இளங்கசப்புக்குக் காரணமான ஃபிளாபெல்லிஃபெரின் என்ற பொருளை இலங்கையின் ஸ்ரீ ஜயவர்த்தனபுரப் பல்கலைக்கழகத்தில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். அது குடலில் குளுக்கோஸ் உறிஞ்சப்படுவதைக் குறைப்பதாக எலிச் சோதனைகளில் கண்டார்கள். தமிழ்நாட்டில் பனை அடர்ந்த மாவட்டங்களில் தூத்துக்குடி முன்வரிசையில் இருந்தும், விழுந்த பழத்தை முளைக்கப் போட்டுக் கிழங்கெடுப்பதோடு நம் அக்கறை நின்றுவிடுகிறது. கிழங்கும் நல்ல உணவுதான். பழத்தின் கூழைப் பிழிந்து பாதுகாக்கும் தொழில் இங்கே வேரூன்றவில்லை என்பதே என் ஆதங்கம்.

இத்தனையையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குத் தெரிவது இது. பழத்தின் நன்மை அது எவ்வளவு தூரத்திலிருந்து வந்தது என்பதிலோ ஆன்டிஆக்ஸிடன்ட் எண்ணிலோ இல்லை. தினமும், முழுதாக, நாரோடு தின்கிற பழக்கத்தில் இருக்கிறது. நாளொன்றுக்கு 100 கிராம் பழம் என்கிறது தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டி. நடுத்தரமான ஒரு கொய்யா போதும், அல்லது ஒரு வாழைப்பழம், அல்லது ஒரு கை நாவல். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் வாழை, இளநீர், நெல்லிச் சாறு உட்பட எதையும் தங்கள் மருத்துவரிடம் கேட்டே எடுக்க வேண்டும்; நட்சத்திரப் பழத்தைத் தொடவே கூடாது. நீரிழிவுக்கோ புற்றுநோய்க்கோ மருந்து எடுப்பவர்கள் எந்தச் சாறு, பொடி, லேகியம் சாப்பிட்டாலும் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். மருத்துவரும் அதைக் கேட்டதும் எரிந்து விழாமல் காது கொடுக்க வேண்டும்.

ஸ்ரீவைகுண்டம் தாலுகாவிலேயே, வல்லநாட்டுக்குப் பக்கத்தில் கிள்ளிக்குளத்தில் வ.உ.சி. வேளாண் கல்லூரி இருக்கிறது. 1964-ல் தொடங்கிய அரசு சித்த மருத்துவக் கல்லூரி பாளையங்கோட்டையில். தூத்துக்குடியில் அரசு மருத்துவக் கல்லூரி. ஒரு மணி நேரப் பயணத்துக்குள் மூன்று கல்லூரிகள். கள்ளிப்பழமும் பனம்பழமும் நாவல் கொட்டையும் இந்த மண்ணின் மனிதர்களுக்கு என்ன செய்கின்றன என்பதை, அளவு குறித்து, ஒப்பீட்டுக் குழு வைத்து, ஆறு மாதமாவது சோதித்துச் சொல்ல இவை மூன்றும் கைகோக்க வேண்டும். அந்த முடிவு சாதகமாக வந்தாலும் பாதகமாக வந்தாலும் தமிழில் அச்சிட்டு ஆரம்ப சுகாதார நிலையங்களின் சுவரில் ஒட்டுங்கள் என்று அவற்றின் பொறுப்பில் இருப்பவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.